சொல்லுக்கு வைத்தியம் பார்த்த பண்டிதர்

எங்கள் ஊர் நுழைவில் ஒரு பெயர்ப் பலகை நிற்கிறது. ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டு, சிறிய எழுத்தில் ‘காலனி’ என்று எழுதியிருக்கும். தேனியிலிருந்து கூடலூர் வரை பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பலகை புதிதல்ல. வெளியூரில் ஒருவர் முகவரி கேட்டால், இந்த ஒரு சொல்லைச் சொன்னதும் கேட்டவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடி முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாம் என்ன படித்தோம், என்ன வேலை பார்க்கிறோம் என்பதெல்லாம் இரண்டாவதுதான்.

2025 ஏப்ரல் இறுதியில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்று சாயங்காலம் எங்கள் தெரு டீக்கடையில் இதுதான் பேச்சு. ஏலத் தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கிய ஓர் அத்தை, பேரை மாத்திட்டா மயானத்துக்குப் பாதை வந்துருமா என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் விடவில்லை. விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது ஒவ்வொரு முறையும் தன் கை ஒரு நிமிடம் நின்றுதான் நகர்கிறது, அது அம்மாவுக்குத் தெரியாது என்றாள். கடையில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து பேசினார்கள்.

தாய் கேட்டதும் சரி, மகள் சொன்னதும் சரி. பெயர் என்பது வெறும் சத்தமா, அல்லது அதற்குள் மனிதரை ஏற்றவும் இறக்கவும் ஒரு பலம் இருக்கிறதா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்ற ஒருவர் நமக்கு முன்னால் இருந்தார். அவர் பிறந்ததும் மே மாதம், மறைந்ததும் மே மாதம். அவர் அயோத்திதாசப் பண்டிதர்.

ஆசிரியர் பெயரைத் தாங்கியவர்

1845 மே 20-இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயன் கதையைத் திருவிழாக் கூத்தில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இளமையில் அவருக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தந்த ஆசிரியரின் பெயர் அயோத்திதாசக் கவிராயர். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பிறப்பு கொடுத்த பெயரை வைத்து ஒருவரை எடைபோடும் காலத்தில், படிப்பு கொடுத்த பெயரைத் தானே தேர்ந்துகொண்டார். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார்.

அவருடைய தாத்தா கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர். வீட்டில் பாதுகாத்துவந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைக் கந்தப்பன் தன் துரையிடம் கொடுத்தார். அது அவர் வழியாகத் தமிழறிஞர் எல்லிஸ் கைக்குப் போனது. இதைப் பண்டிதரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது 1812-இல். மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் முன்னோர் எழுத்தே அறியாதவர்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் சமையற்கட்டில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டுப் பரணில் குறள் இருந்திருக்கிறது.

குடும்பம் நீலகிரிக்குப் போனது. அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டே, 1870 வாக்கில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பை நடத்தினார். உயிர்கள் எல்லாம் ஒன்று என்று சொல்லும் தத்துவம் அது. அந்தத் தத்துவத்தை நம்பினால் தன் மக்களின் இழிவு தீரும் என்று இளைஞர் அயோத்திதாசர் எண்ணினார். தத்துவம் பேசுகிற வாய், தெருவில் இறங்கியதும் வேறு பேச்சு பேசுகிறது என்பதை அனுபவத்தில் கண்டார். அழகான சொல் தானாக நீதி ஆகாது என்பது அவர் கற்ற முதல் பாடம்.

கணக்கில் ஏறாத பெயர்

பிரிட்டிஷ் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தொடங்கிய காலம் அது. கணக்கெடுப்பில் ஒரு கட்டம் உண்டு: நீ யார்? அந்தக் கட்டத்தில் எழுதப்படும் சொல்தான் பள்ளிக்கூடச் சேர்க்கையிலும், நிலப் பதிவிலும், நீதிமன்றத்திலும் பின்னால் வரும். இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் அயோத்திதாசரும் ஒருவர். ஒடுக்கப்பட்ட மக்களை இழிபெயரால் பதியாமல் ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் என்று 1881 கணக்கெடுப்பின்போதே வலியுறுத்தினார். முப்பது ஆண்டு கழித்து, 1911 கணக்கெடுப்பின்போதும் அவர் அந்தக் கட்டத்தை விடவில்லை. பூர்வ பௌத்தர் என்று பதியச் சொல்லிப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார்.

1885-இல் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ என்ற இதழை நடத்தினார். 1891-இல் திராவிட மகாஜன சபையை உருவாக்கி, அந்த ஆண்டு டிசம்பர் 1-இல் ஊட்டியில் மாநாடு கூட்டினார். அங்கே 10 தீர்மானங்கள் நிறைவேறின. இழிபெயர் சொல்லி அழைப்பதைக் குற்றமாக்க வேண்டும் என்பதோடு, கல்வி வேண்டும், வேலை வேண்டும், பொது நீர்நிலை வேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தன. சொல்லும் சோறும் ஒரே தாளில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று எழுந்து கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த ஒரு பிரதிநிதி ஆத்திரத்தோடு எழுந்து, உங்கள் குலத்துக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் அல்ல என்றார். கூட்டத்தில் அவமானப்படுத்தச் சொன்ன சொல் அது. அயோத்திதாசர் அதை அப்படியே திருப்பினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார்.

கருப்பனும் மதுரைவீரனும் நம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் எல்லையில் நிற்கிறார்கள். அவர்களைக் கும்பிடுவதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. பண்டிதரின் பதிலில் உள்ள நுட்பம் வேறு. கோயில் கதவைப் பற்றிய சண்டையில் அவரை மாட்டிவைக்கப் பார்த்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தின் கதவையும் நிலத்தின் வரப்பையும் காட்டினார்.

நிலம் என்றால் நம் பகுதியை நினைக்காமல் முடியாது. பண்டிதர் தரிசு நிலம் கேட்ட அதே 1892-இல்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்க அரசு உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். மூன்று ஆண்டு கழித்து, 1895-இல், பெரியாறு அணை திறக்கப்பட்டு நம் பக்கம் தண்ணீர் வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அந்த வயலில் நாற்று நட்ட கைகள் எத்தனை, பட்டாவில் ஏறிய பெயர்கள் யாருடையவை என்று அவரவர் ஊரில் எண்ணிப் பார்க்கலாம். பெயர் என்பது பட்டாவிலும் ஏற வேண்டிய ஒன்று.

மைத்துனர்கள் இருவர், சொல் ஒன்று

அதே காலத்தில் இன்னொரு பெரியவர் வேறு வழியில் நடந்தார். அவர் இரட்டைமலை சீனிவாசன். அயோத்திதாசருக்கு மைத்துனர் முறை. 1893-இல் சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். தன் பெயரைச் சொல்லக் கூசுகிறவன் தன் உரிமையைக் கேட்க முடியாது, ஆகவே எந்தப் பெயரால் நம்மை இழிவு செய்கிறார்களோ அந்தப் பெயரோடேயே நிமிர்ந்து நிற்போம் என்பது அவர் எண்ணம். அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. அது நம் பெயரே அல்ல, நம்மைத் தோற்கடித்தவர்கள் சூட்டிய பெயர், பிறர் பூசிய சேற்றை நம் நிறம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம்.

ஒரே குடும்ப உறவு, ஒரே வலி, இரண்டு மருந்து. இந்த வாதம் அன்றோடு முடியவில்லை. இன்றைக்கும் நம் இளைஞர்களிடம் இரண்டும் இருக்கின்றன. பறை இசையைப் பெருமையோடு மேடையேற்றும் பிள்ளைகளும் உண்டு, அந்தச் சொல்லே காதில் விழக் கூடாது என்கிறவர்களும் உண்டு. ஒருவரையொருவர் துரோகி என்று சொல்வதற்கு முன், நம் பெரியவர்கள் இருவருமே இரண்டு பக்கமும் நின்று போராடினார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

1898-இல் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய், சுமங்கல நாயக்கரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956-இல். அதற்கு 58 ஆண்டு முன்னால் தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது. கோலார் தங்கவயல், பெங்களூரு, திருப்பத்தூர், ரங்கூன் என்று தமிழ்த் தொழிலாளர்கள் போன இடங்களிலெல்லாம் சங்கத்துக்குக் கிளைகள் வந்தன.

ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை

1907 ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வார இதழ் வந்தது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பெயரில் இருந்தது. கூலிக்காரரும் வாங்கலாம் என்று அந்தப் பெயரே அழைத்தது. ஓராண்டுக்குப் பிறகு ‘தமிழன்’ என்று மாறியது. தமிழன் என்ற சொல்லைத் தன் பத்திரிகைக்குச் சூட்டி, சாதி பார்க்காதவனே தமிழன் என்று அதற்கு ஓர் அளவுகோலும் வைத்தார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டார்.

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் காலம் அது. அரசியல், மருத்துவம், இலக்கியம், வாசகர் கேள்விக்குப் பதில் என்று எல்லாம் அதில் இருந்தன. சுதேசியம் பேசியவர்களை அவர் விட்டுவைக்கவில்லை. சொந்த நாட்டுக்காரனுக்குக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர் எந்தத் தேசத்துக்கு விடுதலை கேட்கிறார் என்று கேட்டார்.

நாம் தினமும் பேசும் சொற்களை நாடி பிடித்துப் பார்ப்பதுதான் அவருடைய தனி வழி. வைத்தியர் அல்லவா, நோய் எங்கே தொடங்கியது என்று தேடினார். பிராமணர் என்ற சொல் பிறப்பைக் குறித்ததல்ல, ஒழுக்கத்தாலும் அறிவாலும் உயர்ந்தவரைக் குறித்த சொல் என்றார். அதை வைத்து யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று இரண்டாகப் பிரித்தார். இந்தியா என்ற பெயரை, ஐம்புலனை வென்ற புத்தரைக் குறிக்கும் இந்திரர் என்ற சொல்லோடு இணைத்து ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதினார். திருக்குறளைப் பௌத்த நூலாகக் கண்டு உரை எழுதத் தொடங்கினார். நாம் கொண்டாடும் தீபாவளிக்கும் அசுரனைக் கொன்ற கதையை மறுத்து, எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கற்றுக்கொண்ட நாளின் நினைவு அது என்றார். கொலைக் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உழைப்பின் கதையை வைத்தார். அம்மனை மக்களுக்கு உதவிய பௌத்தப் பெண் துறவியாகப் பார்த்தார். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் நம் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். நம் சாமிக்கும் ஒரு வரலாறு இருக்கலாம் என்று கேட்கும் துணிவை அவர் கொடுத்தார்.

சொல் எட்டாத இடம்

பெரியவர் என்பதால் குறை சொல்லாமல் விடுவது அவருக்கு மரியாதை அல்ல. அவர் சொன்ன சொற்பிறப்புகள் பலவற்றை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்கமாட்டார்கள். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது என்று தமிழ் படித்த நானும் சொல்வேன். ஆனால் சாதியை நியாயப்படுத்தச் சொன்ன பழைய கதைகளும் ஆதாரத்தோடு எழுதியவை அல்ல. அவர் கதைக்கு எதிர்க்கதை வைத்தார். அதை அகராதியாக வாசிக்காமல், வழக்காடு மன்றத்தில் வைத்த வாதமாக வாசிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று அவர் பிரித்தார். தன் மக்கள் சதியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார். அருந்ததியர், குறவர் போன்ற மக்களை இரண்டாவது வரிசையில் வைத்தார். ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்துக் கூட்டத்தைச் சேர்த்துத் தன் மக்களைத் தூக்கியவர், அதே சொல்லால் பக்கத்துத் தெருவைக் கீழே விட்டுவிட்டார். நம் மாவட்டத்தில் பறையர் தெருவும், பள்ளர் தெருவும், சக்கிலியர் தெருவும் அடுத்தடுத்து இருக்கின்றன. மலம் அள்ளும் வேலை இன்னும் யார் தலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பண்டிதரைக் கொண்டாடும் நாம், இந்த இடத்தில் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சொல்லுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. சேரி என்பது பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு, அவ்வளவுதான். பார்ப்பனச் சேரியும் இருந்தது. ராஜராஜன் காலக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வந்துவிட்டன. மெல்ல மெல்ல மற்றவர்கள் எல்லாம் தெரு ஆனார்கள், நாம் மட்டும் சேரி ஆனோம். பிறகு அரசு வீடு கட்டித் தந்தபோது காலனி என்ற புதுச் சொல் வந்தது. கறை இல்லாத சொல் என்று நம்பினோம். ஒரு தலைமுறைக்குள் அதுவும் கறைபட்டது. 1922-இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு வழக்கில் வந்தது. விடுதிப் பலகையில் அந்தப் பெயர் இருந்தபோது அதைப் பார்த்துப் பையன்கள் கிண்டல் செய்ததைக் கேட்டிருக்கிறேன். சொல்லை எத்தனை முறை துவைத்தாலும், பிடிக்கிற கை அழுக்காக இருந்தால் மறுபடி கறை ஏறும்.

எங்கள் தாத்தாவை, அரைக்கால் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் பெயர் சொல்லி வாடா என்று கூப்பிட்டதை நான் சின்ன வயதில் பார்த்தேன். தாத்தா வரேன் சாமி என்று எழுந்து போனார். அந்த ‘டா’வில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. அகராதியில் அதை நீக்கச் சொல்லி அரசாணை போடவும் முடியாது. சிறுவனின் அப்பாவிடம் நிலம் இருந்தது, தாத்தாவிடம் மண்வெட்டி இருந்தது. அவர் மகன் படித்து, வேறு வேலைக்குப் போய், யாரிடமும் கூலிக்கு நிற்காத நாளில்தான் எங்கள் வீட்டு வாசலில் அந்த ‘டா’ நின்றது.

பலகையை மாற்றும்போது

அயோத்திதாசர் 1914 மே 5-இல் மறைந்தார். அவருக்குப் பின் ‘தமிழன்’ சில காலம் நடந்து, பிறகு கோலார் தங்கவயலில் ஜி.அப்பாத்துரையார் கையில் மறுபடி உயிர்பெற்றது. ஆனால் பொதுத் தமிழ் உலகம் பண்டிதரை மறந்தது. நான் முதுகலை படித்தபோது இலக்கிய வரலாற்றுத் தாளில் இதழ்களைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. அதில் அவர் பெயர் இல்லை. 1999-இல் ஞான.அலாய்சியஸ் தொகுத்த இரண்டு பெரிய தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் அவரை வாசித்தோம். இன்று அவருக்கு அஞ்சல் தலை இருக்கிறது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர். சென்னை கிண்டியில் மணிமண்டபம் இருக்கிறது. எழுதியது காகிதத்தில் மிஞ்சியிருந்ததால்தான் எண்பது, தொண்ணூறு ஆண்டு மறதிக்குப் பிறகும் அவரால் எழுந்து வர முடிந்தது. சொல்லின் பலம் இதுதான்.

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். பெயரை மாற்ற வேண்டுமா? கட்டாயம் மாற்ற வேண்டும். அந்தப் பெண்ணின் கை முகவரி எழுதும்போது நிற்கக் கூடாது. ஆனால் புதுப் பெயரை மேலிருந்து யாரோ எழுதித் தர நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. பண்டிதர் தன் பெயரையும், தன் மக்களின் பெயரையும், தன் பத்திரிகையின் பெயரையும் தானே வைத்தார். நம் தெருவுக்கு என்ன பெயர் என்பதை, மூன்று தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த சபைக்குப் போகும்போது ஒரே மனுவில் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரியில் தெருவின் புதுப் பெயர். இரண்டாவது வரியில் மயானத்துக்குப் பாதை. தீர்மானப் புத்தகத்தில் இரண்டும் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் தெருவில் மனுவை எழுதும் பொறுப்பை அந்த அத்தையின் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். பாதை எத்தனை அடி அகலம் வேண்டும் என்பதை அத்தை சொல்லியிருக்கிறார்.